இடக்கைக் கத்தரிக்கோல்

காலையில் அவள் தையற்கூடத்துக்குள் நுழைந்தபோது, மாஸ்டர் அவளுடைய புதுக் கத்தரிக்கோலின் திருகை முறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சுத்தியல் வேறு. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன மாஸ்டர் பண்றீங்க?"

"உன் தம்பியை எவனோ நல்லா ஏமாத்திட்டாம்மா. வெட்டவே மாட்டேங்குது, துணிய மெல்லுது. கோளாறு புடிச்ச சாமான்."

துணியை மெல்லுவது என்னவென்று அவளுக்கா தெரியாது? கத்தரிக்கோலுக்குக் கூர்மை மட்டும் போதாது. இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசிக்கொண்டே மூட வேண்டும். வலது கையில் பிடித்தால் கட்டைவிரலின் தள்ளலே அலகுகளை நெருக்கிவிடும். அதே கத்தரிக்கோலை இடது கையில் பிடித்தால், அதே தள்ளல் அவற்றை விலக்கும். நடுவில் விழும் இடுக்கில் துணி மடங்கிக்கொள்ளும். இந்த மேசைக்கு வந்த நாளிலிருந்து அவள் கட்டைவிரலை எதிர்ப்பக்கமாக உள்ளே இழுத்து இழுத்தே வெட்டியிருக்கிறாள். விரலடியில் புளியங்கொட்டை அளவுக்குக் காய்ப்பு. அப்போதெல்லாம் மாஸ்டர் கத்தரிக்கோலைக் குறை சொன்னாரா? இன்னொரு தடவை சாட்டின் துணி பிசிறினால் பட்டன் தைக்கிற மூலைக்குப் போய்விடு என்று நேற்றுத்தான் எல்லார் முன்னாலும் சொன்னார். அன்று சாயங்காலமே தம்பி அனுப்பிய பார்சல் கடைக்கு வந்தது. அலகுகளை இடம் மாற்றிப் பொருத்திய, இடது கைக்கென்றே செய்த கத்தரிக்கோல். காலையில் ஆசையாக ஆரம்பிக்கலாம் என்று இழுப்பறையில் வைத்துவிட்டுப் போனாள்.

"எனக்கு வெட்டலைன்னா என் பீச்சாங்கை கோளாறு. உங்களுக்கு வெட்டலைன்னா மட்டும் கத்தரிக்கோல் கோளாறா? எந்த ஊரு நியாயம் மாஸ்டர் இது?"

தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாஸ்டரின் முகம் சுண்டிப்போனது.

"வாய் நல்லாத்தான் வெட்டுது. துணிய வெட்டு, பாப்போம்."

அவள் திருகைத் தளர்த்தினாள். சாட்டினை விரித்து, சாக்பீஸ் கோட்டுக்கு வெளியே ஓரத்தில் அலகை வைத்து அழுத்தினாள். துணி மடங்கி அலகுகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டது.

"பாத்தியா? நான் சொன்னா எங்க கேக்கறே!" என்றார் மாஸ்டர். இப்போது எல்லாருமே சிரித்தார்கள்.

அவள் தன் கையைப் பார்த்தாள். கட்டைவிரல், யாரும் சொல்லாமலே, பழைய மாதிரி உள்ளே இழுத்துக்கொண்டு நின்றது. இந்தக் கத்தரிக்கோலுக்கு அது தேவையே இல்லை. இவர்கள் சாமானுக்கு வளைந்து வளைந்து, அவளுடைய சொந்த விரலே இவர்கள் பக்கம் போய்விட்டது. மாஸ்டர் மேல் வந்ததைவிடப் பெரிய ஆத்திரம் வந்தது. அழுகையும் வந்தது, அதை விழுங்கிக்கொண்டாள்.

மாஸ்டரின் செருப்பு மேசையருகே வந்து நின்றது. அவள் நிமிரவில்லை. விரலைத் தளரவிட்டாள், அது தானாக மறுபடி உள்ளே மடங்கியது. மறுபடி தளரவிட்டு, கோட்டின் முனையிலேயே அலகை வைத்தாள்.

சரக்கென்று ஓர் அங்குலம் போனது. அலகை மறுபடி திறந்தாள். வெள்ளைக் கோடு மேசையின் அந்தக் கோடிவரை நீண்டு கிடந்தது.