அக்கா பதினாலு, மாமியார் ரெண்டு

பெயிண்ட் கடைக்காரரைப் பெயர் சொல்லி விசாரித்தால் தெருவில் யாருக்கும் தெரியாது. ‘பூட்டு’ என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடக் கை காட்டும். கடையைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். பத்தடி போனபின் திரும்பி வந்து நாலாவது முறையும் இழுப்பார்.

அப்படிப் பூட்டிக் காக்க அந்தக் கடையில் என்ன இருந்தது என்றால், அவர் மனைவியின் கண் இருந்தது. பழைய திரைத்துணி, உடைந்த ஓடு, காய்ந்த இலை, எதைக் கொண்டுவந்து நீட்டி “இதே நிறம் வேணும்” என்றாலும் சரி. சிரிஞ்சில் சாயங்களைக் கோடு கோடாக அளந்து, வெள்ளைப் பெயிண்டில் விட்டுக் கலக்கி, அச்சு அசலாகக் கொடுத்துவிடுவாள். பதினோரு வருஷத்தில் ஆயிரத்துச் சொச்சம் நிறங்கள். அத்தனைக்கும் கலவைக் குறிப்பு கடைக் கம்ப்யூட்டரில் இருந்தது.

கலப்பது அவள் வேலை, காப்பது இவர் வேலை. சனிக்கிழமைதோறும் பென் டிரைவில் நகல் எடுப்பார். நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டு, பென் டிரைவை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார். பிறகென்ன, இழுத்துப் பார்ப்பார்.

கடை தொடங்கிய புதிதில் மனைவி ஒவ்வொரு டப்பாவின் மூடியிலும் கலவையை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பூட்டு அதைப் பார்த்துவிட்டார். “தொழில் ரகசியத்தை ஊருக்கே தண்டோரா போடறியா? இனிமே மூடியில ஒரு எழுத்து இருக்கக் கூடாது!” என்றார். அவள் “சரி” என்றாள். அவள் சட்டென்று “சரி” சொன்னால் சந்தேகப்பட வேண்டும் என்பது கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும் அந்த மனிதருக்கு உறைக்கவில்லை.

அக்காவுக்குக் கண் ஆபரேஷன் என்று மனைவி வெளியூர் போயிருந்த வியாழக்கிழமை காலை, கம்ப்யூட்டர் கண்ணைத் திறக்கவில்லை. அந்த நேரம் பார்த்துப் பெயிண்டர் காலி டப்பாவும் கையுமாக வந்து நின்றார். “அண்ணே, பல் டாக்டரம்மா கிளினிக் முன்சுவர் பாதிதான் ஆச்சு. அதே நிறத்துல இன்னும் ரெண்டு டப்பா வேணும். திங்கக்கிழமை திறப்பு.”

பூட்டு அசரவில்லை. கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிற மச்சானைக் கூப்பிட்டார். மச்சான் வந்து திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினான். “ஹார்ட் டிஸ்க் செத்துப்போச்சு மாமா. நகல் இருக்கில்ல?”

“யாரைப் பாத்து என்ன கேக்கற?” என்று நோட்டை விரித்துக் காட்டினார். வரிசையாகக் கையெழுத்துகள். மச்சான் பென் டிரைவைத் தன் லேப்டாப்பில் செருகினான். திரையில் ஒரே ஒரு சின்னப் படம் வந்தது. தட்டினான். ஒன்றும் திறக்கவில்லை.

“மாமா, இத்தனை நாளா நீங்க ஷார்ட்கட்டைத்தான் காப்பி பண்ணியிருக்கீங்க. கதவு நம்பர் பலகையைக் கழட்டிப் பெட்டியில வச்சுட்டு, வீடே பெட்டிக்குள்ள பத்திரமா இருக்குன்னு நெனச்சிருக்கீங்க.”

பூட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பூட்டை ஆயிரம் தடவை இழுத்துப் பார்த்தவர், உள்ளே இருப்பதை ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை. டாக்டரம்மாவின் பாதிச் சுவரை விடுங்கள். மனைவியின் பதினோரு வருஷத்தை அல்லவா தொலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்! இதை அவளிடம் எந்த வாயால் சொல்வது?

வேறு வழியில்லை, போன் போட்டார். மென்று முழுங்கி எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “பெயிண்டர்கிட்ட பழைய டப்பா இருக்கா?”

“இருக்கு. ஆனா மூடியில ஒண்ணும் இல்லையே.”

“தலைகீழா கவுத்துப் பாருங்க.”

கவிழ்த்தார். டப்பாவின் அடியில் அழியாத மையில் எழுதியிருந்தது: ‘அக்கா பதினாலு, நாத்தனார் ஒண்ணு, மாமியார் ரெண்டு.’

“எழுதாதேன்னு சொன்னேனே!”

“மூடியிலதானே எழுதக் கூடாதுன்னீங்க? அடியைப் பத்திப் பேச்சே வரலையே. ரகசியம் போயிடும்னு பயந்தீங்கன்னுதான் நம்ம சொந்தக்காரங்களை வச்சு எழுதினேன். அக்கா மஞ்சள். நாத்தனார் சிவப்பு, தொட்டா சுடும்.”

“மாமியாரு?”

“கறுப்பு. ரெண்டு கோட்டுக்கு மேல போனா வீடே இருண்டுடும்.”

போன் ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பெயிண்டர் சிரிப்பை அடக்கத் திரும்பி நின்றார். பூட்டு மெல்லக் கேட்டார். “அப்ப நான்?”

“நீங்க வெள்ளை. யாரு வந்து கலந்தாலும் அந்த நிறமாயிடுவீங்க. சரி சரி, போய் வேலையைப் பாருங்க.”

பெயிண்டரே சிரிஞ்சைப் பிடித்து அளந்து கலக்க, அன்றைக்கே டாக்டரம்மாவின் சுவருக்கு டப்பா போய்ச் சேர்ந்தது. அடுத்த மூன்று வாரம் பூட்டு வீடு வீடாக அலைந்தார். பரண் ஏறினார், கார் ஷெட்டில் தவழ்ந்தார், கண்ட டப்பாவையெல்லாம் கவிழ்த்தார். ஒரு வீட்டில் டப்பா பூந்தொட்டி ஆகியிருந்தது. தண்ணீர் வடிய வீட்டுக்காரர் போட்ட ஓட்டை, குறி பார்த்தாற்போல் நாத்தனார் மேலேயே விழுந்திருந்தது. தொள்ளாயிரத்து முப்பது நிறங்கள் கிடைத்தன. மற்றவை போனவை போனவைதான். அவை ஒவ்வொன்றுக்காகவும் அவர் மனம் அடித்துக்கொண்டது.

இப்போது நகல் மூன்று. கடையில் ஒன்று, மச்சானின் ஏற்பாட்டில் இணையத்தில் ஒன்று, மனைவியின் அக்கா வீட்டில் ஒன்று. முதல் சனிக்கிழமை, ஊரிலிருந்து திரும்பியிருந்த மனைவியிடம் மூன்றும் தயார் என்று நோட்டை நீட்டினார். அவள் அதை வாங்கவே இல்லை.

“கையெழுத்து எனக்கு எதுக்கு? அக்கா வீட்டு நகலைத் திறந்து, அதுல இருக்கறபடி நீங்களே கலந்து காட்டுங்க.”

பஸ் ஏறிப் போய், நகலைத் திறந்து, டாக்டரம்மாவின் நிறத்தைத் தாளில் எழுதிக்கொண்டு வந்தார். வாழ்க்கையில் முதல் முறையாகச் சிரிஞ்சைப் பிடித்தார். மாமியாரை அளந்துவிட்டுக் கோட்டை மூன்று முறை எண்ணிப் பார்த்தார். கலந்ததை ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு இருவரும் கிளினிக்குக்குப் போனார்கள். முன்சுவரின் நட்டநடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டை தீட்டினார். ஈரத்தில் அது திட்டாகத் தெரிந்தது. அவர் முகம் சுருங்கிவிட்டது.

“காயட்டும்” என்றாள் மனைவி.

வெயிலில் ஒரு மணி நேரம் நின்றார்கள். டாக்டரம்மா வெளியே வந்து சுவரை மேலும் கீழும் பார்த்தார். “ஏதோ தீட்டினீங்களாமே, எங்க?”

பூட்டு விரலை நீட்டினார். நீட்டிய விரல் இடமும் வலமுமாக அலைந்தது. தீட்டிய இடம் அவருக்கே தெரியவில்லை. சுவர் முழுக்க ஒரே நிறமாக இருந்தது. பார்க்கப் பார்க்க அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மனைவி அவர் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். “இப்ப போடுங்க உங்க நோட்டுல கையெழுத்து” என்றாள்.