குருநகரிலிருந்து பதினாலு

ஒரு ஊர் இடம்பெயரப் போகிறது என்பதை அந்த ஊருக்கே சரியாகத் தெரியமுன்னர் கண்டுபிடித்துச் சொல்வது என் உத்தியோகம். களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருந்த பஞ்சலிங்கம் இதைச் சாத்திரம் என்றுதான் சொல்லுவார். காலையில் உள்ளங்கையை என் மேசையில் நீட்டி, தன்னுடைய ரேகையையும் ஒருக்காப் பார்க்கச் சொல்லிப் பகிடி பண்ணுவார். எங்கள் கிறிஸ்தவ நிவாரண நிலையம் அதற்கு முன்னறிவிப்புத் திட்டம் என்று மரியாதையான ஒரு பெயர் வைத்திருந்தது. பதினேழு ஊர்களில் ஊருக்கொரு தொண்டர், வெள்ளிக்கிழமைதோறும் ஒரு தாளை நிரப்பி அனுப்புவார். நான் அவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்து, எந்தச் சனம் எப்போது எழும்பும், அதற்கு முதல் அரிசியையும் கூடாரம் அடிக்கிற படங்கையும் எங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று சொல்வேன். ஷெல் விழத் தொடங்கிய பிறகு லொறி ஓட்ட ஆள் பிடிக்க முடியாது.

தாளில் இருந்த கேள்விகள் எல்லாம் நான் யோசித்தவை. போகப்போகிறீர்களா என்று சனத்திடம் நேரே கேட்க ஏலாது. வெளிக்கிடுகிறவரை எங்கே என்று கேட்பது எங்கள் பக்கத்தில் தரித்திரம். அதோடு அது தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, இயக்கத்தின் அனுமதி இல்லாமல் வெளியேற ஏலாத காலம். போகிற கதையைச் சொந்தச் சகோதரத்துக்கே ஒருவரும் விடமாட்டார்கள். ஆகவே வாய் திறக்காமல் கண்ணால் பார்க்கக்கூடிய விசயங்களாகப் பொறுக்கி எடுத்தேன். வெங்காயத்தை முற்றமுன்னர் கிண்டுகிறார்களா? நல்லநாள் பெருநாள் இல்லாமல் வீட்டுக் கோழிகளை எல்லாம் ஒரேயடியாக அறுத்தார்களா? கரையோரப் பங்குகளில், கோயிலில் இந்த மாதம் எத்தனை ஞானஸ்நானப் பத்திரம் எடுத்தார்கள்?

அந்தக் கடைசிக் கேள்வியில் எனக்குப் பெரிய பெருமை. எங்கள் கத்தோலிக்கச் சனம் வீட்டைப் பூட்டமுன்னர் செய்கிற முதல் வேலை, பங்குச் சுவாமியாரிடம் போய்ப் பிள்ளைகளின் ஞானஸ்நானப் பத்திரத்தை எழுதுவித்து எடுப்பதுதான். அரசாங்கப் பதிவெல்லாம் இருக்கிற கச்சேரி எரிந்தாலும் பள்ளிக்கூடம் இடிந்தாலும் அந்த ஒரு தாள் கையில் இருந்தால், பிள்ளைக்குத் தாய் தகப்பன் உண்டு, ஊர் உண்டு. இரண்டு ஊர்களின் இடப்பெயர்வை அந்தக் கேள்வி ஒரு கிழமை முந்தியே எனக்குக் காட்டித் தந்தது. கொழும்பில் இருந்த இயக்குநர் சுவாமி அதைப் பாராட்டி எழுதிய கடிதத்தை நான் நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

மற்றவர்கள் போவதை எண்ணிய நான் போகவில்லை. ரொறொன்ரோவில் இருந்த அண்ணை இரண்டு தரம் கூப்பிட்டார். அம்மாவை அனுப்பிவைத்தேன், எனக்கு இங்கே வேலை இருக்கிறது என்றேன். அது முழுப் பொய் இல்லை. ஆனால் உண்மையான காரணம் என்னைக் கட்ட இருந்த கனிசியஸ். எண்பத்தாறில் குருநகர்க் கரையிலிருந்து படகேறியபோது, ஒரு வருசம் பொறு, கூப்பிடுகிறேன் என்று என்னிடமும், என் வீட்டிலும், தன் தாயிடமும் சொல்லிவிட்டுப் போனான். அவன் பாரிசில் கோப்பை கழுவி, பிறகு சமைக்கப் பழகி, பிறகு அறை மாறி, இப்படியே ஏழு வருசம் ஓடிவிட்டது. கடைசிக் கடிதம் பதினொரு மாதத்துக்கு முன்னர் வந்தது. அவனுக்குத் தெரிந்த விலாசம் இந்த நிலையத்தின் விலாசம். நான் வெளிக்கிட்ட மறுநாள் அவனுடைய கடிதம் வந்தால் என்ன செய்வது? முப்பத்து மூன்று வயதுப் பெண் இதை வெளியே சொல்ல வெட்கப்படவேண்டும். நான் வெட்கப்பட்டேன், ஆனால் போகவில்லை.

அந்தத் தை மாதம் குருநகர்த் தாளில் ஞானஸ்நானப் பத்திரம் பதினாலு என்று இருந்தது. வழமையில் இரண்டு, மிஞ்சினால் மூன்று. அங்கே தொண்டராக இருந்தவர் யாகப்பு அண்ணை. கடல்தொழிலை விட்டுவிட்டுக் கோயிலைப் பார்த்துக்கொண்டிருந்த மனுசன், என்னைச் சின்னதிலிருந்து தெரிந்தவர். தொண்ணூறில் எங்கள் வீடு ஷெல்லில் போய், நான் ஆனைக்கோட்டைக்கு மாறிய பிறகு குருநகர்ச் செய்தி எனக்கு அவர் மூலம்தான் வரும். எண் சரியா என்று துண்டு எழுதி அனுப்பினேன். "சரி, பதினாலு" என்று மட்டும் பதில் வந்தது.

குருநகர் மூன்று கிழமைக்குள் எழும்பும் என்று அறிக்கை எழுதினேன். முந்நூறு குடும்பத்துக்கு அரிசி, படங்கு, குழந்தைப் பால்மா எல்லாம் லொறியில் ஏற்றிச் சாவகச்சேரிப் பள்ளிக்கூடம் ஒன்றில் இறக்கினோம். கையில் இருந்தது அவ்வளவுதான். வட்டுக்கோட்டைப் பக்கத்து முகாமுக்குப் பன்னிரண்டு நாள் அரைப் பங்கு கொடுக்க வேண்டி வந்தது.

குருநகரில் ஒரு பூனைகூட அசையவில்லை. சனம் வலை காயப்போட்டது, சந்தைக்குப் போனது, பிள்ளைகளுக்குப் பேன் பார்த்தது. மூன்று கிழமை முடிந்தது. வட்டுக்கோட்டை முகாமுக்கு நான் போனபோது பூரணம் என்ற தாய் ஒருத்தி என் சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்து நிறுத்தினாள். அவள் சத்தம் போடவில்லை.

"குருநகர்ச் சனம் வந்து சாப்பிட்டிட்டுதுகளோ, பிள்ளை?"

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்தநாளே அரிசியைத் திருப்பி ஏற்றச் சொல்லிவிட்டு, எங்கே பிழை விட்டேன் என்று பார்க்கக் குருநகருக்குப் போனேன்.

கோயில் அறையில் யாகப்பு அண்ணை தனியே இருந்தார். பத்திரம் கொடுக்கிற கொப்பியைக் கேட்டேன். தருவதற்கு முதல், இந்த வெயிலில் வந்தாயா, தேத்தண்ணி குடிக்கிறாயா, அம்மாவின் சுகம் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நேரத்தை இழுத்தார். நான் கொப்பியை நானே எட்டி எடுத்தேன்.

பிறந்த வருசங்களைத்தான் முதலில் ஓடிப் பார்த்தேன், பதினாலும் வளர்ந்த ஆண்கள். ஒரு குழந்தைகூட இல்லை. பிறகு மேலிருந்து எட்டுப் பெயரை வாசித்தேன், எல்லாரும் எனக்குத் தெரிந்த பெடியங்கள். ஒருவன் ஜேர்மனி, மூன்றுபேர் கனடா, மிச்சம் பிரான்ஸ். போய் ஐந்தாறு வருசமாகிவிட்டவர்கள் திரும்பவும் எப்படி இடம்பெயர்வது? பிறகுதான் மண்டையில் ஏறியது. எங்கள் கோயில்களில் கலியாணம் கட்டுவதென்றாலும் புதிதாக எடுத்த ஞானஸ்நானப் பத்திரம் வேண்டும். முந்தி ஒருத்தியையும் கட்டவில்லை என்று சொந்தப் பங்கு எழுதிக் கொடுக்க வேண்டும். தவக்காலம் தொடங்கிவிட்டால் உயிர்த்த ஞாயிறு வரை கோயிலில் கலியாணம் இல்லை. ஆகவே தை மாதத்தில் எல்லாத் தாய்மாரும் அவசரப்பட்டிருக்கிறார்கள். பதினாலு கலியாணத்தை நான் ஒரு ஊரின் ஓட்டம் என்று எழுதி, முந்நூறு குடும்பத்தின் அரிசியை ஊர்வலம் விட்டிருக்கிறேன். கத்தோலிக்கப் பெண்ணான எனக்கு இது தெரியாதா? எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே விரலைக் கீழே இறக்கினேன். ஒன்பதாவது பெயர் கனிசியஸ், சூசைதாசனுக்கும் மக்டலீனுக்கும் பிறந்தவன்.

முதலில் எனக்கு வந்தது சந்தோசம். இதை ஒளிக்காமல் சொல்கிறேன். பதினொரு மாதம் எழுதாமல் இருந்தவன் இதற்காகத்தான் இருந்திருக்கிறான், விசா கிடைத்துவிட்டது, என்னைக் கூப்பிடப் போகிறான் என்று அந்த ஒரு நிமிசத்தில் முழுவதையும் கட்டி முடித்துவிட்டேன். கொழும்புக்கு எப்படிப் போவது, திட்டத்தை யாரிடம் ஒப்படைப்பது, எந்தச் சேலையை விடுவது என்றுகூட மனம் ஓடியது.

"யாகப்பு அண்ணை, என்ரை பத்திரத்தையும் சுவாமியிட்டைச் சொல்லி ஒண்டு எழுதுவியுங்கோ."

அவர் கொப்பியை மெதுவாக என் கையிலிருந்து வாங்கி மூடினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"முதல் மக்டலீனிட்டைப் போட்டு வா, பிள்ளை."

அந்த வீட்டுக்கு ஐந்து நிமிச நடை. அவர் சொன்ன விதத்திலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். ஊர் ஊராக அறிகுறி பார்த்தவள் நான். ஆனாலும் அந்தத் தெருவில் நின்று முகத்தைத் துடைத்து, தலைமயிரைச் சரிசெய்துகொண்டுதான் போனேன்.

மக்டலீன் மாமி மீன் வெட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைக் கழுவினார். கழுவிய கையைத் திரும்பவும் கழுவினார். பிறகு உள்ளே போய், மாதா படத்துக்குப் பின்னால் இருந்த, கனிசியஸின் பத்திரம் வைத்த கடித உறையை எடுத்து வந்து, தராமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தபாலில் போட்டால் பாரிசுக்குப் போய்ச்சேர இரண்டு மாதம் ஆகும். பருத்தித்துறைக்கு வருகிற நிவாரணக் கப்பலில் வியாழக்கிழமைகளில் கொழும்புக்குப் போகும் எங்கள் நிலையத்துக் கடிதப் பைதான் விரைவான வழி. அது ஊர் முழுக்கத் தெரியும்.

"உன்னட்டைத் தந்தால்தான் நேரத்துக்குப் போகும் எண்டு எனக்குத் தெரியும். மூண்டு கிழமையா வைச்சுக்கொண்டு இருக்கிறன். உன்ரை கையிலை இதை நான் எப்பிடித் தாறது, பிள்ளை?"

பெண் நாவாந்துறைப் பிள்ளையாம். பாரிசில் இரண்டுபேருக்கும் ஒரே கடையில் வேலையாம். அவளுக்கு நிரந்தர விசா இருக்கிறதாம். மாமி ஒவ்வொன்றாகச் சொன்னார், நான் தலையாட்டினேன். அவன் எனக்கு ஒரு வரி எழுதினானா என்று கேட்டேன். எழுத வெளிக்கிட்டு எழுதாமல் விட்டானாம். யாகப்பு அண்ணைக்கு எல்லாம் தெரியுமாம். என் கண்ணில் படக்கூடாது என்றுதான் தாளில் எண்ணை மட்டும் எழுதி அனுப்பியிருக்கிறார். வருகிற ஞாயிறு தொடங்கி மூன்று ஞாயிறு இந்தக் கோயிலிலும் கலியாண அறிவித்தல் வாசிப்பார்களாம்.

"நான் உன்னைத்தான் மருமகள் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தன். இதை அனுப்பினால் அவன் இனி இஞ்சாலை வரமாட்டான். அதுவும் எனக்குத் தெரியும்" என்றார். பிறகு அழுதார். நான் அழவில்லை. உறையை அவர் மடியிலிருந்து எடுத்துக் கைப்பையில் வைத்தேன்.

அது திங்கட்கிழமை. வியாழன் வரை உறை என் மேசை லாச்சியில் கிடந்தது. அது ஒட்டியிருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை எடுத்துப் படித்தேன். இவருடைய திருமணத்துக்குத் தடை எதுவும் இல்லை என்று பங்குச் சுவாமி எழுதிக் கையொப்பம் வைத்திருந்தார். புதன்கிழமை எனக்குக் கெட்ட யோசனை வந்தது. இந்த ஒரு வியாழனை விட்டால் போதும். பை நிறைந்துவிட்டது, கப்பல் முந்திவிட்டது, எதையும் சொல்லலாம். தவக்காலம் வந்துவிடும், கலியாணம் இரண்டு மாதம் தள்ளிப்போகும், இரண்டு மாதத்தில் எத்தனையோ நடக்கும். ஒருவரும் என்னைச் சந்தேகப்பட மாட்டார்கள். அவன் எனக்கு வேண்டும் போல இருந்தது. ஏழு வருசத்தில் அன்றைக்குத்தான் அவ்வளவு வேண்டும் போல இருந்தது.

ஆனால் பூரணத்தின் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. தெரியாமல் செய்த பிழைக்கே பன்னிரண்டு நாள் பிள்ளைகள் அரை வயிறாகக் கிடந்தார்கள். தெரிந்து செய்கிற பிழையை யார் தலையில் இறக்குவது? இயக்குநர் சுவாமிக்கு, பிழை முழுவதும் என்னுடையது, இனிப் பத்திரம் எடுப்பவர் ஊரில் இருக்கிறாரா, என்ன வயது என்றும் தாளில் கேட்க வேண்டும் என்று எழுதினேன். அந்தக் கடிதத்தோடு கனிசியஸின் உறையையும் ஒட்டி, பஞ்சலிங்கத்தின் கையில் கொடுத்தேன். அவர் விலாசத்தை வாசித்துவிட்டுப் பகிடி ஒன்றும் விடவில்லை. பையைக் கட்டிக்கொண்டு பருத்தித்துறைக்குப் போனார்.

ஞாயிறு பூசைக்கு நான் குருநகருக்கே போனேன். போகாமல் விட்டால் அவர்கள் எல்லாரும் என்னைப் பற்றிக் கதைப்பார்கள்; போனால் கதைக்காமல் இருப்பார்கள். மக்டலீன் மாமி தள்ளி இருந்து எனக்கு இடம் விட்டார். பிரசங்கம் முடிந்ததும் சுவாமியார் ஒரு தாளை விரித்தார். முதலாம் அறிவித்தல். கனிசியஸின் பெயர், தாய் தகப்பன் பெயர், பிறகு அவளுடைய பெயர். அப்போதுதான் அவளுடைய பெயரை முதல்முதலாகக் கேட்டேன், மரியநாயகி. இவர்களுடைய திருமணத்துக்குத் தடை ஏதும் உண்டென்று அறிந்தவர்கள் அதைப் பங்குச் சுவாமியாருக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று வாசித்துவிட்டு, வழக்கப்படி கொஞ்ச நேரம் நிறுத்தினார்.

கோயிலில் ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. அவ்வளவு சனமும் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. ஏழு வருசமாக எனக்குத் தெரிந்த தடை ஒன்று இருந்தது. எழும்பிச் சொன்னால் சொல்லலாம், சொல்லுகிற உரிமையும் எனக்கு இருந்தது. என் கால்கள் தாமாக எழும்பிவிடுமோ என்று பயந்தேன். இரண்டு கையாலும் உட்கார்ந்திருந்த வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

சுவாமியார் தாளை மடித்து, விசுவாசப் பிரமாணத்தைத் தொடங்கினார். எல்லாரும் எழும்பினார்கள். எல்லாரும் எழும்பி முடிந்த பிறகுதான் நான் எழும்பினேன்.