ஒரே குலத்துப் பூக்கள்

கோழி இறகு கட்டிய மூங்கில் குச்சியை மகரந்தப் புட்டியில் தோய்த்து, பூவின் நடுவில் தொட்டாள் சியூரொங். பிறகு அடுத்த பூ. சீனத்து ஹான்யுவான் பள்ளத்தாக்கின் பேரி மரங்களில் தேனீ பார்க்கவேண்டிய வேலையைப் பதினாறு வசந்தங்களாக அவள் பார்க்கிறாள். பூச்சிமருந்து தேனீக்களை ஒழித்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயதுக்காரியை அது ஒன்றும் செய்யவில்லை, இருமலைத் தவிர.

எட்டாம் நாள் பூக்கள் மஞ்சளித்து, காம்போடு உதிர்ந்தன. தோட்டத்து முதலாளி பெங் ஒரு கிளையை உலுக்கிக் காட்டினார்.

"மரத்துல உக்காந்து ஊர்க்கதை பேசினா காய் எங்கேருந்து வரும்? பாதிப் பூவ நீ தொடவே இல்ல."

"எல்லாத்தையும் தொட்டேன் முதலாளி. கட்டின புருஷனக்கூட இவ்ளோ பக்குவமாத் தொட்டதில்ல."

கூட வந்த பெண்கள் சிரித்தார்கள். பெங் சிரிக்கவில்லை.

"அடுத்த வருஷம் இந்தப் பக்கம் வராத. மத்த தோட்டத்துலயும் சொல்லிடுறேன்."

அவர் சொன்னால் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். பூக்காலத்தை விட்டால் அவளுக்கு அந்த மலையில் வேறு பிழைப்பு இல்லை. வாடிய பூக்களைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு மாவட்ட விவசாய நிலையத்துக்குப் பேருந்து ஏறினாள்.

நிங் என்ற இளம்பெண் அங்கே ஆய்வாளர். பூக்களின் சூல்தண்டுகளை ஊறவைத்து, சாயம் ஏற்றி, மறுநாள் நுண்ணோக்கியைக் காட்டினாள். இருட்டுக்குள், மகரந்தம் கீழ்நோக்கி விட்ட குழாய்கள் பச்சை நூல்களாக ஒளிர்ந்தன. எல்லாமே பாதி வழியில் முனை வீங்கி நின்றிருந்தன.

"ஒரு பூவக்கூட விடல அத்தை நீங்க. எல்லாத்துலயும் மகரந்தம் இருக்கு. ஆனா அது அதே ரகத்தோட மகரந்தம். உங்க தோட்டம் பூரா ஒரே மரத்துலேருந்து ஒட்டுக்கட்டினதுதானே?"

"அப்போ ஒரே குலப்பேரு. கல்யாணம் ஆகாது."

"அதேதான். சூல்தண்டுல ஒரு புரதம் இருக்கு. சொந்தக் குலத்து மகரந்தம் குழாய் விட்டு இறங்கினா, அதோட ஆர்.என்.ஏ.வ வெட்டிப் போட்டுடும். வேத்து மகரந்தம்னா அந்தப் புரதத்தையே மடக்கிட்டுக் கீழ போயிடும்."

"எங்க மாமியாளுக்கே இவ்ளோ வைராக்கியம் கிடையாது. ரெண்டு நாள் ஏசிட்டு விட்டுடுவா."

நிங் முத்திரை குத்திக் கொடுத்த அறிக்கையைப் பெங் இரண்டு தடவை படித்தார். இந்த வருஷம் மலிவாகக் கிடைக்கிறதென்று அந்த மகரந்தத்தை வாங்கியவர் அவர்தான். இந்தக் காகிதத்தைக் காட்டினால், வேறு ரகம் என்று சொல்லி விற்றவனிடம் நஷ்டஈடு வாங்கலாம். முகம் மலர்ந்துவிட்டது.

"தப்பு உன்மேல இல்லக்கா," என்றார். அவர் அவளை அக்கா என்றது அதுதான் முதல் தடவை.

"அப்போ அடுத்த வசந்தத்துக்கு வரட்டுமா முதலாளி?"

பெங் அறிக்கையின் கடைசி வரியில் விரலை வைத்தார். ஒவ்வொரு மரத்திலும் வேறு ரகத்தின் மொட்டுக்கிளை ஒன்றை ஒட்டி, பூக்கும்போது மருந்தடிக்காமல் தேனீப்பெட்டி வைத்தால் கைவேலை தேவைப்படாது என்றிருந்தது.

"இதையும் நீதானே கொண்டுவந்த."

இலையுதிர்காலத்தில் அந்த ஒட்டு வேலைக்கு அவளைக் கூப்பிட்டு ஆள் அனுப்பினார். உச்சிக் கிளைக்கு ஏற அவளைப்போல் வேறு யாருமில்லை. நாலு நாள் வேலை.

ஒட்டுக்காரன் கீழ்க்கிளையில் நின்று, சீவிய குச்சிகளை ஒவ்வொன்றாக மேலே நீட்டினான். அவள் அதைக் கிளையின் பிளவில் செருகி, பிளாஸ்டிக் நாடாவைச் சுற்றினாள்.

"இறுக்கிக் கட்டுக்கா, பிடிக்காமப் போயிடப் போகுது."

நாடாவின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, அவள் இன்னும் ஒரு சுற்று சுற்றினாள்.