முந்நூறு கஜம் சுடும் தோட்டா

பன்றி இறைச்சி வைத்த ரொட்டித் தட்டை டேல் நீட்டியபோதுதான் சித்தப்பா வெஸ்லி கேட்டார்.

"அந்த மேக்னம் துப்பாக்கிய எங்கண்ணன் தலையில எவன்டா கட்டினான்?"

அப்பா எய்னோவைப் புதைத்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. தேவாலயத்தின் அடித்தளத்தில் காபியும் ஈரக் கம்பளியும் மணத்தன.

அப்பா நாற்பது வருஷம் தர்ட்டி-தர்ட்டி துப்பாக்கியோடுதான் காட்டுக்குப் போனார். இங்கே சதுப்பில் முப்பது கஜத்துக்கு அப்பால் மான் கண்ணில் படாது. கனமான, மெதுவான குண்டே போதும். போன வருஷம் அவர் குறியிலிருந்து ஒரு கொம்பு மான் தப்பிவிட்டது. தவறவிட்டவனின் சட்டை வாலை வெட்டிச் சுவரில் அடிப்பது வேட்டை முகாம் வழக்கம். கத்தரியைப் பிடித்தது டேல்.

"இந்தப் பழைய குழாய வெச்சுக்கிட்டு மானுக்குச் சலாம் போடுறீங்களாப்பா?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

இந்த அக்டோபரில், அப்பாவின் பிறந்தநாளுக்கு டேல் மேக்னம் வாங்கினான். எவ்வளவு தூரத்தில் சுடுவீர்கள் என்று கடைக்காரர் கேட்டார். முப்பது என்று சொல்லக் கூசியது. முந்நூறு என்றான். அவரும் அதற்கேற்ற லேசான, வேகமான தோட்டாவை எடுத்துக் கொடுத்தார்.

அப்பா முப்பது கஜத்தில் சுட்டபோது, அந்த வேகத்தில் அது மானின் தோள் எலும்பிலேயே வெடித்துச் சிதறியது. மூன்று காலில் மான் ஓடியது. அடிபட்ட மானை விட்டுவிட்டு வருகிற ஆள் இல்லை அப்பா. மறுநாள் காலை முழங்கால் தண்ணீரில் அவர் உடலைக் கண்டெடுத்தார்கள். மாரடைப்பு.

"நம்ம சதுப்புல மானுக்கு மூக்குச் சிந்திவிடற தூரம்டா," என்றார் வெஸ்லி. "அதுக்கு மேக்னமா?"

அம்மா காபிக் கூஜாவைக் கீழே வைத்தாள். அந்தப் பரிசுக்குக் காகிதம் சுற்றியவள் அவள்.

"அவராத்தான் போய் வாங்கினாரு வெஸ்லி. வீம்பு."

டேலை அவள் பார்க்கவில்லை.

"வயசானா புத்தி மங்கித்தான் போவுது," என்றார் வெஸ்லி.

டேல் வாயைத் திறந்தான். "இன்னொரு ரொட்டி எடுத்துக்குங்க சித்தப்பா."

அவர் எடுத்துக்கொண்டார். "அந்த மான் இன்னும் நொண்டிக்கிட்டுத்தான் கெடக்கும். சாப்பிட்டுட்டு நாங்க போறோம். அவரு விட்ட எடத்துலேர்ந்து தேடணும். நீயும் வாடா."

"பூட்ஸ் கொண்டாரல."

வெஸ்லி குனிந்து பார்த்தார். டேலின் வேட்டை பூட்ஸைச் சுற்றி, கல்லறைப் பனி உருகித் தரையில் பரவிக்கொண்டிருந்தது.

அவர் ரொட்டியைக் கடித்தார்.