குளிப்பாட்டாத பிள்ளைகள்

விடியும் முன் பாறை சுடாது. அந்த நேரத்துக்கு இருக்கிற ஒரே நல்ல குணம் அதுதான். அதனால் நார்த்தாமலைப் பக்கத்துக் குவாரியில் பெண்கள் இருட்டோடு வந்து உட்கார்ந்தார்கள். அறுபத்து மூன்றாம் வருசத்துக் கோடை. செவந்தி பழைய சைக்கிள் டயரை வளையமாகச் சுருட்டி, அதற்குள் கல்லை நிறுத்தி, சுத்தியலால் அடித்து ஜல்லியாக்கினாள். வளையம் சில்லுகளைச் சிதற விடாது. ஆனாலும் ஒன்றிரண்டு தப்பிவிடும்.

தன் மகள் ராக்காயியின் இடுப்பில் பழஞ்சேலைக் கிழிசலைக் கட்டி, சற்றுத் தள்ளி ஒரு வேப்பங்கன்றோடு பிணைத்திருந்தாள். நடக்கவும் ஓடவும் கற்ற பிள்ளை. அவிழ்த்துவிட்டால் வேட்டு வைக்கும் குழிப் பக்கம் போய்விடும்.

பகலில் சிறுபிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பால்வாடி ஊரில் இல்லாமல் இல்லை. சர்க்கார் காசில் டீச்சர், பால் பவுடர், பாய், மரக்குதிரை எல்லாம் உண்டு. குவாரி முதலாளியும் பஞ்சாயத்துத் தலைவருமான ஆத்மநாதனின் சரக்குக் கிட்டங்கியில் அது நடந்தது. பாதி இடத்தில் அவருடைய கடலை மூட்டைகள். வெயில் ஏறிய பிறகு திறப்பார்கள், உச்சிக்குப் பூட்டுவார்கள். இருட்டில் கிளம்பிப் பொழுது சாய வீடு திரும்புகிறவளுக்கு அந்தப் பால்வாடியால் என்ன பிரயோசனம்?

அன்று ஒரு சில்லு பறந்துபோய் ராக்காயியின் புருவத்தைக் கிழித்தது. கண்ணுக்கு ஒரு நெல் அளவு மேலே. செவந்தி ஓடிப்போய் முந்தானையைக் கிழித்தாள். பக்கத்தில் கல் உடைத்துக்கொண்டிருந்த காத்தாயி ஓடிவந்து ரத்தத்தைத் துடைத்துக் கட்டினாள்.

அந்த நேரம் பார்த்துக் குடையோடு ஆத்மநாதன் வந்தார்.

“என்னம்மா கூட்டம்? நாளைக்குப் பால்வாடியப் பாக்க ஆபீசரம்மா வாராக. எப்பிடி நடக்குதுன்னு பாத்து எழுதப் போறாக. நல்லா எழுதுனாத்தான் பஞ்சாயத்து யூனியன்ல பணம் வரும். புள்ளைகளக் குளிப்பாட்டி, எண்ணெ தேச்சு, நல்ல துணி உடுத்தி அனுப்புங்க. செவந்தி, கட்டுப் போட்ட புள்ள வேணாம். அத வீட்டுல வச்சுக்க.”

“கட்டிப்போட வீட்டுல மரமில்லீங்க ஐயா.”

“வாய் நீளுது ஒனக்கு.”

“காலைல தொறந்திருந்தா எம்புள்ள இங்கிட்டு ஏங்க வருது?”

“அது சர்க்கார் வச்ச நேரம். நான் என்ன செய்ய?”

அவர் போய்விட்டார். செவந்தி சுத்தியலைத் தொடவில்லை. போன வருசமும் ஓர் ஆபீசர் வந்தார். யாரும் சொல்லாமலே பெண்கள் பிள்ளைகளைச் சோடித்தார்கள். விருந்தாளி முன்னால் இல்லாமையைக் காட்டுவது அவர்களுக்கு வழக்கமில்லை. சட்டை இரவல் வாங்கினார்கள். குறை உண்டா என்று அவர் கேட்டபோது, ஒரு குறையும் இல்லை என்று சிரித்தார்கள். அவரும் அப்படியே எழுதிக்கொண்டு போனார். குறையில்லாத பால்வாடிக்கு எவன் என்ன தருவான்?

“நம்ம வாயாலதான் கெட்டோம்,” என்றாள் செவந்தி. “நாளைக்கு ஒருத்தியும் புள்ளையக் குளிப்பாட்டக் கூடாது.”

“ஆபீசரு முன்னாடி மூக்குச் சளியோடவா?” என்றாள் காத்தாயி. “மானம் போயிருமேடி.”

“கண்ணு போறதுக்கு மானம் போனாத் தேவல, யக்கா.”

காத்தாயி கையில் ஒட்டியிருந்த ரத்தத்தை முந்தானையில் துடைத்தாள். பிறகு, “அப்ப எம்புருசனையும் கூட்டியாரேன். அவன் குளிச்சு நாளாச்சு,” என்றாள். ரத்தம் காயாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு பெண்கள் சிரித்தார்கள்.

மறுநாள் சாலையில் ஜீப்பின் புழுதி தெரிந்ததும் சுத்தியல்களைப் போட்டுவிட்டு எழுந்தார்கள். கல்தூசி அப்பிய பிள்ளைகளை அப்படியே இடுப்பில் தூக்கிக்கொண்டு பால்வாடிக்கு நடந்தார்கள்.

உள்ளே மூட்டைகளைக் காணோம். குளித்த பிள்ளை ஒன்றும் வராததால், ஆத்மநாதனின் சொந்தக்காரப் பிள்ளைகள் பவுடர் பூசி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் ஆரோக்கியம்மாள் தலை குனிந்து நின்றாள்.

ஆத்மநாதன் வாசலுக்குப் பாய்ந்து வந்தார். “வேல நேரத்துல ஒங்கள யாரு வரச் சொன்னா?”

“புள்ளைகள விட வந்தோம்ங்க. இது பால்வாடிதானுங்களே?” என்றாள் செவந்தி.

ஆபீசரம்மா எட்டிப் பார்த்தார். “யார் இந்தப் பிள்ளைங்க?”

“பால்வாடிப் புள்ளைக இதுகதாம்மா,” என்றாள் செவந்தி. “உள்ள இருக்கிறது ஐயா வீட்டு விருந்தாளிக.”

“டீச்சர், இது நிஜமா?”

ஆரோக்கியம்மாள் முதலாளியைப் பார்த்தாள். ராக்காயியின் கட்டைப் பார்த்தாள். “நிஜந்தாங்க மேடம். மூட்டைய நேத்துத்தான் எடுத்தாங்க. இவுக வேலைக்குப் போற நேரம் தொறக்க எங்கிட்டச் சாவி இல்ல. அது ஐயாகிட்ட.”

“ஆரோக்கியம்! ஒனக்கு வேல வேணுமா வேணாமா?”

ஆபீசரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பார்த்ததை எழுதுறேன். ஆனா முடிவு பண்றது மேலே இருக்கிறவங்க. நான் அடுத்த ஊருக்குப் போகணும்.”

“எழுதுங்கம்மா. உச்சிவரைக்கும் இருந்து, இந்தக் கதவப் பூட்டுறதையும் பாத்துட்டு எழுதுங்க. தொறந்திருக்கப்ப பாத்தா எந்தப் பால்வாடியும் நல்லாத்தான் இருக்கும்,” என்றாள் செவந்தி.

ஆபீசரம்மா டிரைவரைக் கூப்பிட்டு ஜீப்பை நிழலில் போடச் சொன்னார்.

“இனிமே குவாரிப் பக்கம் ஒருத்தியும் தலகாட்டக் கூடாது!” என்று ஆத்மநாதன் கத்தினார்.

“சரிங்க,” என்றாள் காத்தாயி. “ஜல்லிய ஒங்க விருந்தாளிகள விட்டு ஒடைங்க.”

உச்சி வந்தது. கல்தூசிப் பிள்ளைகள் உள்ளே பாயில் சாய்ந்திருந்தார்கள். ஜீப்பருகே ஆபீசரம்மா பார்த்திருக்க, ஆத்மநாதன் பூட்டை எடுத்துவந்தார். வாசற்படியை அடைத்துப் பெண்கள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஆரோக்கியம்மாள் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சேலையைச் சுருட்டிக்கொண்டு வந்து, செவந்திக்கும் காத்தாயிக்கும் நடுவே இடம் பிடித்தாள். நாளை அவளுக்கு வேலை இருக்குமா, இவர்களுக்குக் கூலி இருக்குமா, யாருக்கும் தெரியாது. பாறைச் சரிவில் குவாரி ஆண்களும் கடப்பாறைகளைப் போட்டுவிட்டு இறங்கி வந்துகொண்டிருந்தார்கள்.

“எந்திரிங்கடி!” என்றார் ஆத்மநாதன்.

செவந்தி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

“சத்தம் போடாதீங்க ஐயா. உள்ள புள்ளைக தூங்குது.”