பன்னிரண்டாம் ஹாலின் கதவு

"அம்மா, ஏசப்பாவுக்கு வக்கீல் யாருமே இல்லியா?"

ஆஞ்சலா இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. பெரிய வெள்ளிக்கிழமை. லிங்கராஜபுரம் கோயிலில் எல்லோரும் நின்றபடி ஏசுவின் பாடுகளின் வாசகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிலாத்து ஏசுவை விசாரிக்கும் இடத்தில், வாசிப்பவர் மூச்சு வாங்கிய இடைவெளியில், அவள் குரல் கணீரென்று விழுந்தது. முன்வரிசைக்காரர்கள் கைக்குட்டைக்குள் சிரித்தார்கள். அம்மா பிரிஜெட் அவள் வாயைப் பொத்தினாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பதில் கிடைத்தது. "இல்லடி. அவருக்காக யாரும் எழுந்து நிக்கல."

"கூட இருந்தவங்கல்லாம் எங்க போனாங்க?"

"பயந்துட்டாங்க."

அந்தக் கேள்வி குடும்பத்தில் ஒரு வேடிக்கைக் கதையாகிவிட்டது. ஆஞ்சலா சட்டம் படிக்கச் சேர்ந்தபோது அதையே எல்லோரும் பெருமையாகச் சொன்னார்கள். படித்து முடித்து, கறுப்பு அங்கியும் வெள்ளைக் கழுத்துப்பட்டையும் வாங்கி, டிரேவர் என்ற மூத்த வக்கீலிடம் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆனபின், அப்பா அலெக்சாண்டர் அதற்கு ஒரு வால் சேர்த்தார்.

"ஏசப்பாவுக்கு வக்கீல் இல்ல, எம் பொண்ணுக்குக் கேசு இல்ல."

அவர் கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் மிக்சி ரிப்பேர் கடையிலிருந்து திரும்பி விரல்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு சொல்லும்போது, அவளால் சிரிக்க முடியவில்லை. கடை இன்னும் எத்தனை வருடம் ஓடும் என்று அவருக்கே தெரியாது. டிரேவர் சார் கொடுத்த சம்பளம் பஸ் பாஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் போக மிஞ்சியதில்லை.

வேலையும் அப்படித்தான். காலையில் கேஸ் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு சாரின் பின்னால் நடப்பது. அவர் வேறு கோர்ட்டில் இருந்தால் எழுந்து, "சார் வந்துகிட்டிருக்கார், கொஞ்சம் பொறுத்துக் கூப்பிடுங்க" என்று கேட்பது. அதற்கு 'பாஸ் ஓவர்' என்று பெயர். ஒன்றரை வருடத்தில் அவள் வாயிலிருந்து கோர்ட்டில் அதிகம் வந்த சொற்கள் அந்த இரண்டும்தான்.

செவ்வாய்க்கிழமை மாலை கல்லூரித் தோழி சிந்து போன் செய்தாள். அவள் எலெக்ட்ரானிக் சிட்டியில், வெளிநாட்டுக் கம்பெனிகளின் ஒப்பந்தங்களைப் படித்துக் குறியிடும் அலுவலகத்தில் இருந்தாள். ஆஞ்சலாவுக்கும் அங்கே இடம் வாங்கி வைத்திருந்தாள்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள அந்த லெட்டர் காப்பி வேணுமாம். குடுத்துட்டியா?"

"டைப் பண்ணி பையிலதான் வச்சிருக்கேன்."

"பையில வச்சா அடைகாக்குமா? போய்க் குடுடி."

அந்தக் கடிதம், வக்கீலாகப் பதிவு செய்ததை நிறுத்தி வைக்கும்படி பார் கவுன்சிலுக்கு எழுதியது. முழுநேரச் சம்பள வேலையில் சேர்கிறவர்கள் கோர்ட்டில் ஆஜராகக் கூடாது. அங்கியைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும்.

"அங்க வேலை எப்படிடி இருக்கு, நிஜமா சொல்லு."

"ஒரு நாளைக்கு முப்பது ஒப்பந்தம். முப்பதுலயும் அதே இருபது வாக்கியம். கேன்டீன்ல பிசிபேளாபாத் நல்லா இருக்கும். வேற என்னா வேணும் உனக்கு?"

ஆஞ்சலா பையிலிருந்த கடிதத்தைத் தொட்டுப் பார்த்தாள். வியாழக்கிழமை கொடுத்துவிடுவதாகச் சொன்னாள்.

புதன்கிழமை டிரேவர் சார் ஹைகோர்ட்டில் இருந்தார். அம்புஜத்தின் கேசை மட்டும் ஆஞ்சலாவிடம் விட்டிருந்தார். அம்புஜம் சிவாஜிநகரில் ஜாக்கெட் தைக்கிறவர். இருபது வருடமாக இருந்த சின்னக் கடையிலிருந்து அவரை வெளியே தள்ளக் கூடாது என்று ஒரு தடை உத்தரவு இருந்தது. அது அன்று வரைதான். கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் கேஸ் தள்ளுபடியாகும், தடையும் போய்விடும்.

பத்தரைக்கே இருவரும் கோர்ட்டின் பன்னிரண்டாம் ஹாலில் போய் உட்கார்ந்தார்கள். கதவு விரியத் திறந்து சுவரோடு சாய்ந்திருந்தது. மின்விசிறிகள் ஓடின. நீதிபதியின் நாற்காலி காலியாக இருந்தது. பெஞ்சுகளில் பத்துப் பதினைந்து பேர்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாமிநாதன் என்ற பெரியவர் அத்திபெலேயிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். வீட்டுக்குப் போகிற வழியைப் பக்கத்து வீட்டுக்காரர் மதில் வைத்து அடைத்துவிட்டாராம். அவருடைய வக்கீல் இன்னும் வந்து சேரவில்லை.

"ஜட்ஜ் எப்பம்மா வருவாரு?"

"வந்துருவாரு. உக்காருங்க ஐயா."

அவ்வளவு நிச்சயமாக அவள் சொன்னதற்குக் காரணம் அங்கிதான். அதைப் போட்டுக்கொண்டு தெரியாது என்று சொல்ல எந்த இளம் வக்கீலுக்கும் வாய் வராது. யாரையும் கேட்கவும் வராது.

பதினொன்றரைக்குப் பெருக்குகிற அம்மா வந்து கதவுக்குப் பின்னால் இருந்த குப்பையை எடுக்க அதை இழுத்தாள். கதவின் வெளிப்பக்கத்தில் கன்னடத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நீதிபதி சனிக்கிழமை வரை விடுப்பு. கேசுகள் மூன்றாம் மாடி, முப்பத்தோராம் ஹாலில் கூப்பிடப்படும். அவ்வளவு நேரமும் அந்த அறிவிப்பு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆஞ்சலா துள்ளி எழுந்தாள். "அக்கா, மூணாவது மாடி, வாங்க" என்று அம்புஜத்திடம் சொல்லிவிட்டுக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள்.

"எனக்கு முட்டி வலிம்மா, நீ முன்னாடி போ" என்ற குரல் பின்னால் கேட்டது.

முப்பத்தோராம் ஹாலில் அவள் மூச்சிரைக்க நுழைந்தபோது வரிசை அவர்களுடைய எண்ணைத் தாண்டிப் போயிருந்தது. பெஞ்ச் கிளார்க்கிடம் குனிந்து எண்ணைச் சொன்னாள். அவர் பட்டியலில் விரலை ஓட்டினார்.

"பாஸ் ஓவர் ஆகிதெ மேடம். கூத்கொள்ளி."

பொறுத்துக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார்கள், உட்கார் என்கிறார். யார் கேட்டது என்றாள். யாரோ ஒரு லாயர் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு அடுத்த கட்டைப் பிரித்தார்.

பின்வரிசையில் இருந்த ஒருவர் தமிழில் சொன்னார். "கண்ணாடி போட்ட ஒரு அம்மா. உங்க கேச மூணு தடவ கூப்டாங்க, ஆளே இல்ல. ஜட்ஜு பேனாவ எடுத்துட்டாரு. அந்தம்மா எழுந்து, 'கீழ பழைய ஹால்ல காத்துட்டு இருப்பாங்க, கொஞ்சம் தள்ளி வைங்க'ன்னாங்க. உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"இல்லீங்க. அவங்க எங்க?"

"அவங்க கேசு முடிஞ்சுது, போயிட்டாங்க."

ஆஞ்சலா உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். முகம் தெரியாத ஒருத்தி தன் வேலைக்கு நடுவில் இவளுக்காக எழுந்து நின்றிருக்கிறாள். கடவுள் பல நேரம் இப்படிப் பெயர் சொல்லாமல்தான் வந்துபோகிறார். அவள் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டே கட்டைப் பிரித்து, தடை உத்தரவைத் தேடி எடுத்தாள்.

அப்போதுதான் டவாலி வாசலில் நின்று அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

"சாமிநாதன்... சாமிநாதன்... சாமிநாதன்..."

அவள் நிமிர்ந்தாள். அத்திபெலேக்காரர். கீழே, காலி நாற்காலிக்கு முன்னால். ஓடி வந்த அவசரத்தில் அவள் அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

பாதி எழுந்தாள். நீ யார், இந்தக் கேசில் உனக்கு வக்காலத்து இருக்கிறதா என்று நீதிபதி கேட்டால்? அவர் கோபித்துக்கொண்டு, அடுத்து வரப்போகும் அம்புஜத்தின் தடையை நீட்டிக்காமல் போனால்? இதெல்லாம் நினைக்க எவ்வளவு நேரம் ஆகும். அதற்குள் நீதிபதி தள்ளுபடி என்று இரண்டு வரி எழுதிக் கட்டை மூடிவிட்டார். அவள் மறுபடி உட்கார்ந்தாள்.

அவளுடைய முறை வந்தபோது எல்லாம் சுலபமாக நடந்தது. நான்கு வாக்கியம் பேசினாள். எதிர்த்தரப்பு வக்கீல் ஆட்சேபித்தார். வாதி எங்கே என்று நீதிபதி கேட்ட நேரத்தில், வாசலில் அம்புஜம் முட்டியைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வதுபோல் கையைத் தூக்கினார். நீதிபதி லேசாகச் சிரித்து, தடையை அடுத்த தேதி வரை நீட்டித்தார்.

வெளியே வந்ததும் அம்புஜம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "பெரிய சார் வந்திருந்தாகூட இவ்ளோ தெளிவா பேசியிருக்க மாட்டாரு கண்ணு. உனக்கு ஒரு ஜாக்கெட் தெச்சுத் தரேன், அளவு குடு."

முதல் முறையாகத் தானே பேசி ஜெயித்த நாள். அவளுக்கு அதில் ருசியே தெரியவில்லை.

கீழே போனாள். சாமிநாதன் அதே இடத்தில், துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"வந்துட்டாராம்மா?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஹால் மாறியதை, கூப்பிட்டதை, தள்ளுபடியானதை. தான் அங்கே உட்கார்ந்திருந்ததையும் மறைக்கவில்லை.

பெரியவர் பையின் காதை முறுக்கினார். "நீங்க என்னா பண்ணுவீங்க, உங்க கேசுக்கு ஓடுற அவசரம்" என்றார். பிறகு, "மறுபடி மொதல்லேர்ந்தா?" என்று கேட்டார்.

அவர் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"இல்ல ஐயா. ஒரு மனு போட்டா திரும்ப எடுப்பாங்க. உங்க வக்கீல் நம்பர் குடுங்க."

போன் செய்தபோது அந்த வக்கீலின் வண்டி ஒசூர் ரோட்டு நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தது. மனுவை எழுதித் தந்தால் நாளைக்கே கையெழுத்துப் போட்டுத் தாக்கல் செய்கிறேன் என்றார். மாலையில் ஆபீசில் அவள் அதை டைப் செய்துகொண்டிருந்தபோது டிரேவர் சார் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"இது நம்ம கேசு இல்லியே?"

"இல்ல சார்."

"யாருடைய தப்பு?"

"என்னுது சார்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "கண்ணாடி போடல. எனக்கு ஒண்ணும் தெரியல" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

அன்று வீட்டில் ஜெபமாலை சொல்லும்போது, தவக்காலமானதால், ஏசுவின் பாடுகளை நினைவுகூரும் துக்க மறையுண்மைகளில் ஒன்று அவள் பங்குக்கு வந்தது. பாதியில் நின்றுபோனாள். அம்மா ஒன்றும் கேட்காமல் அந்த இடத்திலிருந்து தான் எடுத்துச் சொல்லி முடித்தாள். பயந்துட்டாங்க என்று பல வருடங்களுக்கு முன் அம்மா சொன்னது, யாரோ பழங்காலத்துக் கெட்டவர்களைப் பற்றி என்றே ஆஞ்சலா இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கும் ஏதோ அவசரம் இருந்திருக்கும்.

வியாழக்கிழமை காலை எட்டரைக்கு அவள் கோர்ட்டுக்கு வந்தாள். வழக்கமாக அந்த நேரத்தில் அங்கே யாரும் இருப்பதில்லை. பன்னிரண்டாம் ஹால் கதவை யாரோ திறந்து சுவரோடு தள்ளிவிட்டிருந்தார்கள். அறிவிப்பு மறுபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கதவை இழுத்துப் பார்த்தாள். கையை விட்டதும் அது பழையபடி போய்ச் சாய்ந்துகொண்டது.

பையில் தாள் தேடினாள். சாமிநாதனின் மனுவைத் தவிர வேறு ஒன்றுதான் இருந்தது. பார் கவுன்சிலுக்கான கடிதம். வேண்டுமானால் இன்னொன்று அச்சடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அச்சடிக்கப் போவதில்லை என்பதும் கூடவே தெரிந்தது. இரவு அப்பாவிடம் சொல்ல வேண்டும். அவர் விரல்களைப் பார்க்காமல் சொல்ல முடியாது. சனி ஞாயிறுகளில் டைப்பிங் வேலை ஏதாவது தேட வேண்டியிருக்கும்.

கடிதத்தைத் திருப்பி, பெஞ்சின் மேல் வைத்து, தடித்த பேனாவால் எழுதினாள். முதலில் கன்னடம், பிறகு தமிழ், கடைசியில் ஆங்கிலம்.

'இந்த ஹால் கேசுகள் சனிக்கிழமை வரை மூன்றாம் மாடி, 31-ஆம் ஹாலில். இங்கே காத்திருக்க வேண்டாம். பக்கத்தில் இருப்பவருக்கும் சொல்லுங்கள். உங்கள் வக்கீல் வராவிட்டாலும் பெயர் கூப்பிட்டதும் எழுந்து நில்லுங்கள்.'

கதவு எப்படித் திரும்பினாலும் மறைக்காத இடமாக, காலி நாற்காலிக்கு நேர் எதிரே இருந்த தூணில் அதை ஒட்டினாள். நான்கு மூலைகளையும் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். கடிதத்தில் அவள் பெயரும் கையெழுத்தும் இருந்த பக்கம் தூணோடு ஒட்டிக்கொண்டது.

தாழ்வாரத்தில் இன்னும் யாரும் வரவில்லை. அவள் மனுவை எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் படியேறினாள்.