தகர மனிதன் பேசுவதில்லை

சேதுராமன் வாயைத் திறந்தால் பொய், மூடினால் வெற்றிலை. மலாயாவின் மெர்டேக்கா என்கிற சுதந்திரக் கொண்டாட்டத்துக்காகக் காஜா பேராங் திடலில் பன்ஃபேர் என்று விளையாட்டுச் சந்தை போட்டபோது, தன் கடையில் நின்ற தகர மனிதனைச் சீமையிலிருந்து கப்பலில் வந்த இயந்திரம் என்று பாதி ஊரை நம்பவைத்துவிட்டான். மண்ணெண்ணெய் டின்னையும் பிஸ்கட் டின்னையும் வெட்டி, வெள்ளிச் சாயம் அடித்து, நெற்றியில் ஒரு சைக்கிள் விளக்கை மாட்டிச் செய்தது அது. அதற்குள் வெந்துகொண்டிருந்தவன் அப்பாசாமி.

விளையாட்டு இதுதான். ஒன்றைவிட ஒன்று உயரமாக மரமேடைகள் நட்டிருக்கும். மேடைக்கு மேடை தாண்டிக்கொண்டே போக வேண்டும். கால் மண்ணில் பட்டால் ஆட்டம் போச்சு. தகர மனிதன் பக்கத்துப் பலகையில் கடகடவென்று கூடவே நடந்து, தடுமாறுகிறவர்களுக்குக் கை கொடுப்பான். கடைசி இடைவெளிதான் பெரிது. அங்கே அவன் எதிர்மேடையில் போய் நின்று இரண்டு கைகளையும் நீட்டுவான். அவனை நம்பிக் குதிக்க வேண்டும். குதித்தவர்களுக்குப் புது நாட்டின் காகிதக் கொடி ஒன்று கிடைக்கும். தகர மனிதனுக்கு ஒரே ஒரு சட்டம்: பேசக் கூடாது.

அந்தச் சட்டத்துக்காகத்தான் அப்பாசாமி இந்த வேலைக்கே வந்தான்.

யுத்தத்தில் ஜப்பான்காரன் அவனைச் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனபோது, மகள் விஜயா கைக்குழந்தை. எலும்பும் தோலுமாகச் செங் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்குத் திரும்பி வந்தால், மனைவி காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தாள். அடுத்த வீட்டுக் கலியாணசுந்தரமும் அவர் மனைவி பாக்கியலட்சுமியும் குழந்தையை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளை இல்லாதவர்கள். தாடியும் புண்ணுமாக வாசலில் நின்றவனைக் கண்டதும் குழந்தை வீறிட்டு அலறி, "அப்பா" என்று கலியாணசுந்தரத்தின் காலைக் கட்டிக்கொண்டது. பெற்றவன் வயிறு எரியாமல் இருக்குமா? ஆனால் குழந்தையின் கன்னத்தில் சதை இருந்தது. இவன் கையில் ஒரு பிடி அரிசி இல்லை. குழந்தையைத் தங்களுக்கே விட்டுவிடச் சொல்லிப் பாக்கியலட்சுமி அழுதுகொண்டே கேட்டாள். தோட்டத்து மாரியம்மன் முன்னால் இவன் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தான். இனி அந்தப் பெண்ணுக்கு முகம் காட்ட மாட்டேன், அவளிடம் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

அவர்கள் இப்போது காஜா பேராங்கில் குடியிருக்கிறார்கள் என்று யாரோ சொல்லித் தெரியும். தகரத்துக்கு முகமும் இல்லை, வாயும் இல்லை. சத்தியமும் கெடாது, பெண்ணையும் பார்த்துவிடலாம். மனிதன் சாமியிடம்கூடச் சந்து தேடுகிறான். பாவம், வேறு என்னதான் செய்வான்?

பன்ஃபேர் முடிகிற அன்று சாயங்காலம் அவர்கள் வந்தார்கள். கலியாணசுந்தரத்துக்குத் தலை நரைத்திருந்தது. அவர் பக்கத்தில் பாவாடை தாவணியில் நின்ற பெண்ணுக்கு, செத்துப்போனவளின் நெற்றி அப்படியே இருந்தது. கண்ணுக்காக வெட்டிய ஓட்டையில் அவன் கண்ணை ஒட்டிக்கொண்டான்.

பாக்கியலட்சுமிதான் முதலில் முரண்டினாள். "உள்ள ஆம்பள யாராச்சும் இருக்காங்களா? வயசுக்கு வந்த பொண்ணுங்க. கண்டவன் கையைப் பிடிக்க விட முடியாது."

"அட, என்னாங்கம்மா நீங்க! எல்லாம் விசைதான் லா. சத்தியமா ஆள் கெடையாது" என்றான் சேதுராமன்.

அந்தப் பொய்க்காக அப்பாசாமி அவனை விழுந்து கும்பிட்டிருப்பான்.

விஜயா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். இரண்டாவது மேடையில் தடுமாறி அவன் கையைப் பிடித்தாள். தகரத்தைத் தாண்டி அவள் கைச்சூடு உள்ளே வரவில்லை. பாரம் மட்டும் வந்தது. கைக்குழந்தையாகத் தூக்கியதற்குப் பிறகு இப்போதுதான் அவள் பாரம் அவனுக்குக் கிடைத்தது. அதற்கே அவனுக்குக் கண் கரித்தது. துடைத்துக்கொள்ளத்தான் வழியில்லை.

கடைசி இடைவெளியில் அவள் கீழே பார்த்துவிட்டாள். பலகை ஓரத்திலேயே நின்றுவிட்டாள். எதிர்மேடையில் அவன் கைகளை நீட்டிக்கொண்டு நின்றான்.

"ஏய், ஏதாச்சும் சொல்லேன். ஒரு வார்த்தை சொன்னா குதிச்சிடுவேன்" என்றாள்.

கூட்டம் சிரித்தது. 'அப்பா இருக்கேம்மா, பயப்படாம குதி.' தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அவன் உதட்டைக் கடித்தான். ரத்தம் உப்புக் கரித்தது. ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் சத்தியம் போகும். உள்ளே ஆள் இருக்கிறான் என்று தெரிந்தால் பெண்ணை அப்படியே இறக்கிக் கூட்டிப்போய்விடுவார்கள். சொல்லாவிட்டால் அவள் பயந்து தானே இறங்கிவிடுவாள்.

"அப்பா!" என்று கூப்பிட்டாள் விஜயா.

தகரம் மொத்தமும் கடகடத்தது. அவன் வாயைத் திறந்தேவிட்டான்.

"அப்பா இருக்கேம்மா, பயப்படாம குதி!"

சொன்னது கூட்டத்துக்கு முன்னால் நின்ற கலியாணசுந்தரம்.

அவள் குதித்தாள். தகர நெஞ்சில் முகம் மோத வந்து விழுந்தவளை அவன் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான். ஒரு கணம் இருந்திருப்பாள். பிறகு சிரித்துக்கொண்டே இறங்கி, கொடியை வாங்கிக்கொண்டு ஓடினாள்.

"அப்பா, அதுக்கு நெஞ்சுக்குள்ள டக்கு டக்குன்னு அடிக்குதுப்பா."

"விசை ஓடுதும்மா" என்றார் கலியாணசுந்தரம்.

மூவரும் கூட்டத்தில் கலந்து போய்விட்டார்கள். நீட்டிய கைகள் நீட்டியபடியே நின்றன. அடுத்த பிள்ளை முதல் மேடையில் ஏறிக் காத்திருந்தது. சேதுராமன் வந்து முதுகுத் தகரத்தில் ஓங்கித் தட்டினான்.

"ஒண்ணுமில்ல, விசை சிக்கிக்கிச்சு" என்று கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தான்.

தகர மனிதன் கைகளை இறக்கிக்கொண்டு முதல் மேடைக்குத் திரும்பி நடந்தான்.